குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்

திஹமேர் செத்தது மே மாதத்தில்.
பனி இல்லை.
புடாபெஸ்ட் நடைபாதைகளில் அகேசியா மரங்கள்
வெள்ளை வெள்ளையாய் உதிர்த்துக்கொண்டிருந்தன.
கேள்விப்பட்ட எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்:
"குளிரிலா?"

இல்லை.
பூஜ்யத்துக்குக் கீழே பத்து என்றால்
தேநீர் வண்டி வரும், போர்வை வரும், கேமரா வரும்.
மே மாதத்துக்கு வண்டி கிடையாது.

நான் கால் பார்ப்பவள்.
செவ்வாயும் வெள்ளியும் கெலெட்டி ரயில் நிலையச் சுரங்கப்பாதையில்
ஒரு பிளாஸ்டிக் தொட்டி, வெந்நீர், கத்தரிக்கோல்.
முகம் மறந்துபோகும், பாதம் மறக்காது.
இடது சுண்டுவிரல் இல்லையென்றால் ஓடோன்.
பூட்ஸைக் கழற்றமாட்டேன் என்றால் இபோயா.
கழற்றினால் களவுபோகும் என்று
நான்கு மாதம் அதோடே தூங்கியவள்.
காலுறை தோலோடு தோலாகியிருந்தது.
உறையிலிருந்து தபால்தலையைப் பிரிப்பதுபோல்
ஊறவைத்து ஊறவைத்துப் பிரித்தேன்.
அதற்குள் அவள்
முன்னாள் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல
இருவரும் சிரித்தோம்கூட.

திஹமேருக்கு வயது நாற்பத்தாறு.
முழங்கால் எழுபது என்றது, நுரையீரல் எண்பது என்றது.
முன்பு லிஃப்ட் மெக்கானிக்.
"இந்த ஊரில் பாதிப்பேர்
என் கையால்தான் வீட்டுக்கு ஏறிப்போகிறார்கள்" என்பார்,
தொட்டிக்குள் காலை விட்டபடி.

சர்க்கரை. மார்ச்சில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
பத்தாம் நாள் அதிகாலை நாலரைக்குப்
படுக்கை வேறொருவருக்குத் தேவைப்பட்டது.
கையில் காகிதப் பை, பைக்குள் இன்சுலின்,
இன்சுலினோடு ஒரு தாள்.

ரயில் அறிவிப்புக் குரலில் எனக்கு வாசித்துக் காட்டினார்:
குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.
வேளா வேளைக்கு, உணவுக்கு முன் போடவும்.
காலை உயர்த்திவைத்து ஓய்வெடுக்கவும்.
மயக்கம் வந்தால் வீட்டிலிருப்பவர்கள்
உடனே தகவல் தரவும்.

உறைந்தாலும் கெடும், வெந்தாலும் கெடும் என்றேன்.
இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கவேண்டும்.
"கொடுத்துவைத்த மருந்து" என்றார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிரோஷ்காவின் பூக்கடை.
கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டி,
உள்ளே துலிப், ரோஜா, யாரோ சொல்லிவைத்த கல்யாணச் செண்டு.
அவள் எதுவும் கேட்கவில்லை.
ரோஜா வாளியை நகர்த்தி இடம் விட்டாள்.
ஏழு வாரம்
காலையும் மாலையும்
ஒரு மனிதர் பூக்கடைக்குப் போய்
பூ வாங்காமல் திரும்பினார்.
புண் ஆறத் தொடங்கியது. ஓரங்களில்
இளஞ்சிவப்பு.
அதைப் பார்த்த அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன்.

பிறகு சுரங்கப்பாதையைப் புதுப்பிக்க வந்தார்கள்.
தகர வேலி, மஞ்சள் தொப்பி.
கடையை ஒரே இரவில் லாரியில் ஏற்றினார்கள்.
எங்கே என்று வேலி சொல்லவில்லை.
என் தொட்டிக்கும் இடம் போயிற்று.
படுத்திருந்தவர்கள் ஆளுக்கொரு திசை.
நான் தேடினேன். போதுமான அளவு தேடினேனா
என்று கேட்காதீர்கள்.

பூங்கா பெஞ்சில், வெயிலில்,
உட்கார்ந்த வாக்கில்.
காலணியை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள்.
அந்தப் பாதத்தை வைத்துத்தான்
இவர்தான் என்றேன்.

சான்றிதழில் எழுதினார்கள்: இதயம் நின்றது.
எந்த இதயம்தான் நிற்காமல் இருந்தது?
முகவரிக் கட்டத்தில் ஒரு கோடு.
வீடுபேறு அடைந்தார் என்று
யாரும் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம்.
வீடு என்றால் கதவு.
தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்கும்.

ஜூனில் பிரோஷ்கா தொலைபேசியில் வந்தாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடை போட்டிருக்கிறாளாம்.
"அந்த லிஃப்ட்காரரைப் பார்த்தால் சொல்லுங்கள்,
மருந்து இரண்டு பெட்டி அப்படியே இருக்கிறது,
கெடவில்லை,
மின்சாரம் போன அன்றுகூட
பனிக்கட்டி வாங்கி வைத்தேன்."